நடுகல் இல்லாதார்: அயற்கொடியின்கீழ் நின்ற தமிழர்

செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்றோர் ஊர் உண்டு. அங்குக் கிடைத்த நடுகல் ஒன்று முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. தொறுப்பூசலில் ஈடுபட்டு மாய்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவம் அக்கல்லில் உள்ளது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துத் தலைவனுக்குத் துணைநின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு மறவாமற் குறிக்கிறது. மன்னன் யார், ஆட்சியாண்டு எது, சண்டை எதன்பொருட்டு, மாய்ந்தவன் யாவன் என்ற நான்கிற்கும் அக்காலத் தமிழன் கல்லில் விடை எழுதினான். உடன்நின்ற நாய்க்கும் பெயர் உண்டு என்பதை அவன் ஒப்புக்கொண்டான்.

பதின்மூன்று நூற்றாண்டுகள் கழித்து, ஈராக்கில் பாஸ்ரா நகரில் ஆங்கிலேயர் ஒரு பெரும் நினைவுச் சின்னம் எழுப்பினர். முதல் உலகப் போரில் மெசபடோமியக் களத்தில் மாய்ந்து, புதைகுழி அறியப்படாத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு உரியது அது. அதில் ஆங்கிலேய வீரர் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்தனர். இந்தியரில் அதிகாரிகளுக்குப் பெயர் கிடைத்தது. சாதாரணச் சிப்பாய்கள் இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெற்றனர். எடுத்தனூர் நாய்க்குக் கிடைத்தது பாஸ்ராவில் தமிழ்ச் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

இவ்விரு கற்களுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள். தன் ஊருக்காக, தன் தலைவனுக்காகப் போரிட்டவனைத் தமிழ் இலக்கியம் நன்கறியும். வெட்சி முதலாகத் திணை வகுத்து அவனைப் பாடிற்று. பிறன் கொடியின்கீழ், பிறன் மொழியில் ஆணை கேட்டு, பிறனுக்காக மாய்ந்தவனுக்கு எத்திணை, எத்துறை என்பதை அது இன்னும் முற்றாக ஆராயவில்லை.

கடலூர்க் கோட்டையிலிருந்து

தமிழர் அயற்படையில் நின்ற வரலாறு நெய்வேலிக்கு மிக அண்மையில், கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் உருப்பெற்றது எனலாம். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபின் ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சியிருக்கை அக்கோட்டைக்கு மாறிற்று. 1748-இல் அங்கு வந்திறங்கிய ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ், சிதறிக் கிடந்த காவலாட்களை ஒழுங்குபடுத்திப் படையாக்கினார். இந்தியப் படையின் தந்தை என ஆங்கிலேயர் அவரைக் குறிப்பது இதனால்தான். மெட்ராஸ் படை இவ்வாறு தோன்றிற்று.

அப்படையில் சேர்ந்தவரைக் கட்டாயப்படுத்திய சட்டம் ஏதும் இல்லை. மாதந்தோறும் தவறாத சம்பளம் இருந்தது. பாளையங்கள் வீழ்ந்து, ஊர்க்காவல் உரிமைகள் பறிபோன காலத்தில், வாளும் வேலும் பழகிய குடிகளுக்கு அச்சம்பளத்தைவிட வலிய ஆணை வேறில்லை. ஆயினும் சம்பளம் வாங்கியவன் தன்னையே விற்றுவிடவில்லை என்பதை 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டை காட்டிற்று. புதிய தலைப்பாகை, காதணிக்கும் நெற்றிக்குறிக்கும் தடை, தாடி மழிப்பு என வந்த கட்டளைகளை எதிர்த்து எழுந்த சிப்பாய்கள் சில மணி நேரம் கோட்டையைத் தம்வசம் வைத்திருந்தனர். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை அவர்களை அடக்கிற்று. பல நூறு சிப்பாய்கள் கொல்லப்பட்டனர்.

மெட்ராஸ் படை கடல் கடந்தும் சென்றது. 1824-இல் தொடங்கிய முதல் பர்மியப் போரில் பெரும்பங்கு அதற்குரியது. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ராபர்ட்ஸ் முதலிய தளபதிகள் போர்க்குணம் வடமேற்கு இனங்களுக்கே உரியதென ஒரு கோட்பாட்டை வளர்த்தனர். தென்னாட்டார் போருக்கு ஆகார் என முத்திரை குத்தப்பெற்று, மெட்ராஸ் படைப்பிரிவுகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. இந்தப் படைக்கொண்டே தென்னாட்டை வென்றவர்கள் இவ்வாறு முடிவுகட்டியது நோக்கத்தக்கது.

ஊர்ப் பலகை

1914-இல் போர் மூண்டதும் முத்திரை மறக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அயல்நாட்டுக் களங்களுக்கு அனுப்பப்பட்டனர். மாய்ந்தோர் எழுபதாயிரத்துக்கும் மேல்.

1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில், ஜெர்மானியர் வசமிருந்த டாங்கா துறைமுகத்தைத் தாக்கச் சென்ற படையில் 63-ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையும் இருந்தது. நெருக்கடி மிக்க கப்பல்களில் பல வாரம் அடைபட்டுக் கிடந்தவர்கள், களைப்பு நீங்குமுன்னரே அறியாத காட்டிலே இறக்கப்பட்டனர். துப்பாக்கிச் சத்தத்தால் கலைந்த தேனீக்கள் கூட்டங்கூட்டமாகத் தாக்கின. ஆங்கிலேய வரலாற்றில் அத்தோல்விக்கே தேனீக்களின் போர் என்று பெயர் வழங்குகிறது. திட்டமிட்ட தளபதிகளின் பிழை பெரிது. ஆயினும் பழியின் பெரும்பகுதி தென்னாட்டுச் சிப்பாய்களின் தலையில் விழுந்தது. 1917 பிப்ரவரி 23-இல் மெசபடோமியாவில், ஷும்ரான் வளைவில், எதிர்க்கரைத் துப்பாக்கிகளுக்கு முன்னால் தைகிரிஸ் ஆற்றைக் கடக்கப் படகு செலுத்தியவர்களுள் மெட்ராஸ் சாப்பர்கள் இருந்தனர். டாங்காவை நினைவிற் கொண்டவர்கள் ஷும்ரானை அத்துணை நினைவிற் கொள்ளவில்லை.

தமிழகத்துச் சிற்றூர்கள் சிலவற்றில், பழைய கட்டடங்களின் சுவரில் பதிக்கப்பெற்ற ஒரு கற்பலகையை இன்றும் காணலாம். இவ்வூரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர். அவருள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு மூன்று வரிகளே அதிலுண்டு. சென்றவர் பெயர் இல்லை. எந்தக் களம் என்பதில்லை. அவ்வூரார் படிக்கக்கூடிய மொழியும் இல்லை. தாயும் மனைவியும் அப்பலகையைக் கடந்தே நாள்தோறும் தண்ணீருக்குச் சென்றிருப்பர். அதில் தங்கள் மகனும் கணவனும் ஓர் எண்ணாக நிற்பதை யாரேனும் படித்துச் சொன்னாலன்றி அறிந்திருக்க மாட்டார்கள்.

போர் முடிந்தபின் சிக்கனத்தின் பெயரால் மெட்ராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. சாப்பர் படை மட்டும் எஞ்சிற்று. அடுத்த உலகப் போர் வந்ததும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது.

சிங்கப்பூரில் மூன்று வழிகள்

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிப்ரவரி 17-இல் ஃபாரர் பூங்காவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரட்டப்பட்டனர். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைப்பதாகச் சுருக்கமாக அறிவித்துவிட்டு விலகினார். எந்த அரசின் உப்பைத் தின்றதாகச் சொல்லிக்கொடுத்தார்களோ, அவ்வரசு ஒரு பிற்பகலில் அவர்களைக் கைமாற்றிவிட்டது. அடுத்துப் பேசிய ஜப்பானிய மேஜர் புஜிவாராவும் கேப்டன் மோகன் சிங்கும் இந்திய விடுதலைக்கென ஒரு படை அமைப்பதாகக் கூறி அழைத்தனர்.

அன்று தொடங்கிய முடிவுகள் எளியவை அல்ல. ஒரு பகுதியினர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். மறுத்தவர்கள் கைதிகளாயினர். அவருள் பல்லாயிரவர் நியூகினி, நியூபிரிட்டன் தீவுகளுக்கு உழைப்புப் படையாகக் கொண்டு செல்லப்பட்டுப் பசியாலும் நோயாலும் அடியாலும் மாய்ந்தனர். சேர்ந்தவரைத் துரோகி என்றது ஒரு சட்டம். சேராதவரை அடிமையாக்கிற்று ஒரு துப்பாக்கி. மோகன் சிங் அமைத்த முதற்படையும் ஜப்பானியரோடு ஏற்பட்ட பிணக்கால் 1942 டிசம்பரில் கலைந்தது.

சிப்பாய்களின் நிலை இது. தோட்டத் தொழிலாளரின் நிலை இதனினும் கொடிது. மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழருள் மிகப் பலர் வடார்க்காடு, தென்னார்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து கங்காணி வழியாகச் சென்றவர்கள். இன்று நெய்வேலி நகரியம் அமைந்துள்ள பகுதியும் பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்ததே. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அம்மக்கள் திரும்பிவர எண்ணியே சென்றனர். போர் வந்ததும் கப்பல் நின்றது. இரப்பர் வாங்குவார் இல்லை. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி சுருங்கிற்று. மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று.

இந்நிலையில்தான் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு ஆள் திரட்டல் தொடங்கிற்று. பான்போங்கிலிருந்து தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் நீளம். 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. முதலிற் கூலியும் உணவும் தருவதாகச் சொல்லி அழைத்தனர். வருவார் குறைந்ததும் தோட்டங்களில் புகுந்து ஆட்களைப் பிடித்துச் சென்றனர். ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகளுக்கு அங்கும் தம் அதிகாரிகள் இருந்தனர்; மருத்துவர் இருந்தனர்; தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவேண்டும் என்று கட்டளையிட ஒருவர் இருந்தார். தமிழ்த் தொழிலாளருக்கு அவ்வமைப்பு எதுவும் இல்லை. குடும்பத்தோடு சென்றவரும் உண்டு. 1943-இன் மழைக்காலத்தில் காலரா பரவியபோது முகாம் முகாமாக அழிந்தனர். மேலைநாட்டுக் கைதிகளில் மாய்ந்தோர் ஏறத்தாழ 12,800 என எண்ணிச் சொல்ல முடிகிறது. காஞ்சனபுரியிலும் தன்பியூசாயத்திலும் அவர்க்குத் தனித்தனிக் கல்லறைகள் வரிசையாக உள்ளன. ஆசியத் தொழிலாளருள் மாய்ந்தோரின் தொகையோ மதிப்பீடாகவே நிற்கிறது. அது பல பதினாயிரம் என்பதில் ஐயமில்லை. அவர்க்குத் தனிக் கல்லறைகள் இல்லை. இங்கு எண்ணிக்கைகூட இல்லாமற் போயிற்று.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அக்டோபர் 21-இல் தற்காலிக அரசை அறிவித்தார். அவருடைய அழைப்பைக் கேட்டுத் திரண்ட மலேயக் குடிமக்களுள் தோட்டத் தமிழரே மிகுதி. அதற்குமுன் யாரும் அவர்களைக் கூலி என்றல்லாது வீரன் என்று விளித்ததில்லை. சென்னையில் மருத்துவம் பயின்ற டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சிராணிப் படை அமைந்தது. இந்தியாவை ஒருநாளும் கண்டறியாத தோட்டத்துப் பெண்கள் அதில் துப்பாக்கி ஏந்தினர். கோலாலம்பூரில் வளர்ந்த ஜானகி அதில் அதிகாரியாக உயர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என மலேசியப் பொதுவாழ்வில் விளங்கி, 2000-இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அப்படையில் சேர்ந்த ஒவ்வொருவரும் நாட்டுப்பற்றால் மட்டுமே சேர்ந்தனர் என்று சொல்வது அவர்க்குச் செய்யும் சிறப்பு ஆகாது. நாட்டுப்பற்றும் இருந்தது. இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்படாமல் தப்பும் வழியாகவும் அச்சீருடை இருந்தது. ஒருவேளைச் சோறாகவும் இருந்தது. ஓர் உள்ளத்தில் இம்மூன்றும் ஒன்றாக இருத்தல் கூடும் என்பதை மனித வாழ்வை அறிந்தவர் மறுக்கார். மேலும் ஒரு முரண் இங்குண்டு. விடுதலைக்குத் துணை என வந்த ஜப்பானியப் படையே இரயில் பாதையில் தமிழரைக் கொன்றது. தம்பி சீருடை அணிந்து ஜப்பானியரோடு அணிவகுத்த காலத்தில், அண்ணன் அதே ஜப்பானியரின் சாட்டையின்கீழ் மண் சுமந்தான். இம்முரணை மறைத்து எழுதும் வரலாறு இருவரில் ஒருவனை மறந்த வரலாறாகவே முடியும்.

இரு பக்கமும் ஒரு குடி

உறையூரில் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்க, நலங்கிள்ளி முற்றுகையிட்டு நின்றபோது, கோவூர்கிழார் இருவரிடையே சென்று நின்றதைப் புறநானூறு காட்டும். இரு பக்கத்தும் ஆத்தி மாலையே என்பது அப்புலவர் கண்ட துயரம். எவர் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே என்று அவர் உணர்த்தினார்.

1944-இன் முற்பகுதியில் மணிப்பூர் மலைகளில் அக்காட்சி மீண்டும் நிகழ்ந்தது. ஆங்கிலேயரின் பதினான்காம் படையில் மெட்ராஸ் சாப்பர்களும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டினரும் பாலம் கட்டினர், சாலை வெட்டினர், காவல் நின்றனர். எதிரே, ஜப்பானியப் படையோடு வந்த இந்திய தேசிய இராணுவத்திலும் தமிழர் இருந்தனர். ஒரு பக்கம் ஆங்கிலேய மன்னர்க்கு உறுதிமொழி. மறுபக்கம் தற்காலிக அரசுக்கு உறுதிமொழி. இரு பக்கத்தும் ஆணைமொழி தமிழன்று என்பது ஈண்டு நினையத்தக்கது. தமிழன் எப்பக்கம் நின்றாலும் தாய்மொழியில் ஆணை பெறவில்லை.

ஏப்ரல் 14-இல் மொய்ராங்கில் மூவண்ணக் கொடி ஏறிற்று. அதன்பின் மழை வந்தது. உணவு வரவில்லை. இம்பாலை நோக்கி வந்த படை ஜூலையில் பின்வாங்கிற்று. அப்பின்வாங்கலில் குண்டால் மாய்ந்தவரைவிடப் பசியாலும் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் மாய்ந்தவரே மிகுதி. கோஹிமாவில் ஆங்கிலேயர் பக்கம் நின்று மாய்ந்து எரியூட்டப்பெற்ற இந்து, சீக்கிய வீரர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் எரியூட்டு நினைவிடத்தில் உள்ளன. எதிர்ப்பக்கம் மாய்ந்தவர்க்கோ, சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தையும் திரும்பிவந்த ஆங்கிலேயர் அதே ஆண்டு செப்டம்பரில் இடித்தனர். ஐம்பது ஆண்டு கழித்து 1995-இலேயே அவ்விடத்தில் ஓர் அடையாளப் பலகை எழுந்தது.

பால்டிக் கரையில் ஓர் ஒப்புமை

இத்துயரம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பால்டிக் கடற்கரையில் லாட்வியா என்னும் சிறுநாடு உண்டு. 1940-இல் சோவியத் ஒன்றியம் அதனைக் கைக்கொண்டது. 1941-இல் ஜெர்மனி அதனைப் பறித்தது. 1943 பிப்ரவரியில் லாட்வியப் படை ஒன்றை அமைக்க ஹிட்லர் ஆணையிட்டார். ஆக்கிரமித்த நாட்டு மக்களைப் படையிற் சேர்ப்பதற்கு உலக மரபு இடந்தராது. ஆதலின் அதற்குத் தன்னார்வப் படை எனப் பெயர் சூட்டி, இளைஞருள் பெரும்பான்மையரைக் கட்டாயமாகவே சேர்த்தனர். ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் ஜெர்மானியர் பக்கம் நிறுத்தப்பட்டனர். சோவியத் படையிலும் லாட்வியர் பல்லாயிரவர் நின்றனர். 1944-இன் இறுதியில் கூர்லாந்து முனையில் லாட்வியன் லாட்வியனைச் சுட்டான்.

பெயர் தன்னார்வம், நிகழ்ந்தது கட்டாயம். மலேயாவிலும் கூலி என்ற பெயரில் அடிமைத்தனம் நடந்தது. இந்தியாவில் கட்டாயச் சட்டம் இல்லை. ஆனால் பசிக்குச் சட்டம் தேவையில்லை. எனவே கட்டாயம், விருப்பம் என இரு பெட்டிகளில் மாந்தரை அடைத்துவிட இயலாது.

அதே வேளை, கட்டாயம் என்ற சொல் எல்லாக் கறையையும் கழுவிவிடாது. 1941-இல் லாட்வியாவின் யூதர்களைக் கொன்று குவித்த துணைப்படையினர் சிலர் பின்னர் அப்படையிலும் சேர்ந்திருந்தனர். 1946-இல் நியூரம்பர்க் நீதிமன்றம் எஸ்.எஸ். அமைப்பைக் குற்ற அமைப்பென அறிவித்தபோது, வேறுவழியின்றிச் சேர்க்கப்பட்டுக் குற்றம் ஏதும் புரியாதவரை அதனின்று விலக்கிற்று. ஒவ்வொருவனையும் தனித்தனியே கேட்டறிய வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். மார்ச்சு 16-ஆம் நாள் அப்படையினரை நினைவுகூர்வது குறித்து அந்நாட்டில் நீண்டகாலமாக வழக்காடி வருகின்றனர்.

இந்தியர்க்கும் அப்படையோடு ஒரு தொடர்பு உண்டு. வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட இந்திய வீரர்களைக்கொண்டு ஐரோப்பாவில் ஓர் இந்தியப் படை அமைக்கப்பட்டது; ஏறத்தாழ மூவாயிரவர் அதில் இருந்தனர். பிரான்சின் மேற்குக் கரையைக் காத்து நின்ற அப்படை 1944 ஆகஸ்டில் எஸ்.எஸ். அமைப்பின்கீழ் மாற்றப்பட்டது. லாட்வியரைப் போலவே அவரும் கேட்கப்படவில்லை. காகிதத்தில் ஒரு கையெழுத்து அவர்களுடைய பெயரை மாற்றிற்று.

திரும்பி வந்தவர்

1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவர்மீதும் வழக்கு நடந்தது. நாடு கொந்தளித்தது. மூவரும் விடுவிக்கப்பட்டனர். அதற்கு ஈராண்டுமுன், 1943 செப்டம்பர் 10-இல், மலேயாவில் பயிற்சி பெற்று மறைவாகத் தாய்நாட்டில் இறங்கிப் பிடிபட்ட வக்கம் அப்துல் காதரும் தோழர்களும் சென்னைச் சிறையிலேயே தூக்கிலிடப்பட்டனர். அப்போது கொந்தளிக்க யாருக்கும் செய்தி தெரியாது.

விடுதலைக்குப் பின்னரும் இந்திய தேசிய இராணுவத்தார் இந்தியப் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. 1972-இல் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் வந்தபோது, படையில் இருந்ததற்கும் சிறைப்பட்டதற்கும் சான்று கேட்டனர். பர்மாக் காட்டில் காகிதம் நனைந்து போனவர்கள் சான்றுக்கு எங்கே போவர்? சேராமல் நியூகினியில் மாய்ந்தவர்களை வீரர் என்றும் எவரும் பாடவில்லை. தியாகி என்றும் எவரும் பாடவில்லை. இரயில் பாதையில் மாய்ந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டா. ஒரே தோட்டத்திலிருந்து, ஒரே ஆண்டில் புறப்பட்டவர்களை, பிற்காலத்தின் தேவைக்கேற்ப மூன்று வேறு தட்டுகளில் வைத்தது வரலாறு.

2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் மாய்ந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரருள் பல்லாயிரவர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், ஓரிலட்சத்துக்குக் குறையாதோர் பெயராலோ, முற்றிலுமோ நினைவுகூரப்படவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. நூறாண்டு கழித்து வந்த வருத்தம் அது. எனினும் பெயரின்மை ஒரு தற்செயலன்று, ஒரு முடிவு என்பதை அது உலகறியச் செய்தது.

புலவர்க்குரிய கடன்

தமிழ் இலக்கியம் இப்பொருளை முற்றிலும் கைவிட்டதாகச் சொல்லுதல் முறையன்று. ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' 1959-இலும், 'புயலிலே ஒரு தோணி' 1972-இலும் வெளிவந்தன. போர்க்காலத் தென்கிழக்காசியாவில் வாழ்ந்த தமிழனை, துதியும் இகழ்வுமின்றி அவர் காட்டினார். வெளிவந்த காலத்தில் அந்நூல்கள் பெரிதும் பேசப்படவில்லை. அவற்றின் அருமை பின்னரே உணரப்பட்டது. மலேசியாவில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993-இல் வந்தது. நிகழ்ச்சிக்கும் நாவலுக்கும் இடையே ஐம்பது ஆண்டு. மாய்ந்தவரின் குரல் அச்சேற ஒரு தலைமுறை முழுதும் கழியவேண்டியிருந்தது.

கவிதையில் இப்பொருள் இன்னும் அருகியே உள்ளது. போரைப் பாடத் தமிழுக்குத் திணையில்லாமல் இல்லை. ஆனால் அத்திணைகள் எல்லாம், போரிடுவோன் எவனுக்காகப் போரிடுகிறான் என்பது தெளிந்த உலகில் வகுக்கப்பட்டவை. தெளியாத உலகின் வீரனைப் பாட, கையறுநிலையின் துயரமும் காஞ்சியின் நிலையாமை உணர்வும் போதுமா என்பதைப் புலவர்களே ஆராய வேண்டும். புகழ்ந்து பாடினால் அவனுடைய பசி மறையும். இரங்கிப் பாடினால் அவனுடைய துணிவு மறையும். இரண்டும் மறையாமற் பாடுவது அரிது; அரிதாதலின் அது பாடத்தக்கது.

நெய்வேலிக்கும் இவ்வரலாற்றில் ஒரு சிறு சான்று உண்டு. 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் முதற்சுரங்கத்தில் மேல்மண்ணை வெட்டிய இராட்சதச் சக்கர எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. 1962-இல் மின்னாக்கத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒன்றியத்தின் துணையால் எழுந்தது. இருபதாண்டுக்குமுன் லாட்வியரை ஆளுக்கொரு பக்கம் நிறுத்தி ஒருவரையொருவர் சுடச் செய்த அவ்விரு நாடுகளின் எந்திரங்களும் தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் அருகருகே நின்று ஒரே விளக்கை எரித்தன. அரசுகள் பகையை மறப்பதற்கு இருபதாண்டு போதுமானதாயிற்று. அப்பகைக்காக அனுப்பப்பட்ட எளியவர்களைப் பெயர் சொல்லி நினைப்பதற்கோ எண்பதாண்டு கழிந்தும் போதவில்லை.

இம்மாவட்டத்து ஊர்களில், மலேயாவுக்குப் போனவர் திரும்பவில்லை என்ற ஒரு வரிச் செய்தியோடு நின்றுவிட்ட குடும்பங்கள் உண்டு. அவ்வொரு வரியின் பின்னே எந்தக் கொடி, எந்தக் காடு, எந்தப் பெயர் என்று கேட்டறியும் கடமை எஞ்சியுள்ளது. கேட்டுச் சொல்லத்தக்க முதியோர் இன்று மிகச் சிலர். கருந்தேவக்கத்தியின் பெயரையும் கோவிவனின் பெயரையும் எழுதிவைத்த மொழி தமிழ். அம்மொழியில் கவிதை எழுதுவோர் தத்தம் ஊருக்கு ஒரு பெயரையேனும் தேடி எழுதிவைப்பாராயின், கல் நடும் கடமை ஒருவாறு நிறைவேறும்.